4கே மானிட்டர் வாங்கினேன், கேம் மங்கலாத் தெரியுது. திருப்பிக் கொடுத்துடலாமா?

#1 ஊசிமுனை

எல்லாருக்கும் வணக்கம். ஏழு வருஷமா 24 அங்குல 1080பி மானிட்டர்லதான் விளையாடிட்டு இருந்தேன். போன வாரம் 27 அங்குல 4கே வந்து சேர்ந்தது, 144 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 144 தடவை படம் மாத்தும். டெஸ்க்டாப்ல எழுத்தைப் பார்த்ததும் அசந்துட்டேன், அச்சடிச்ச புத்தகம் மாதிரி இருக்கு. ஆனா கேமுக்குள்ள போனதும் மனசு விட்டுப்போச்சு.

பழைய மானிட்டர்ல 90 எஃப்பிஎஸ் (நொடிக்கு 90 ஃபிரேம்) கொடுத்த கேம் இப்ப 30-ஐத் தாண்ட மாட்டேங்குது. சரின்னு கேம் செட்டிங்ஸ்ல 1080பி வெச்சேன். எஃப்பிஎஸ் திரும்பி வந்துடுச்சு, ஆனா படம் பழைய மானிட்டரை விட மோசம், பனி படிஞ்ச கண்ணாடி வழியா பார்க்கிற மாதிரி. கேமராவைத் திருப்பினா எல்லாம் இழுபடுது. ஒரு பழைய ஸ்ட்ரேட்டஜி கேம்ல எழுத்தெல்லாம் எறும்பு சைஸ்ல இருக்கு.

கிராஃபிக்ஸ் கார்டு 8 ஜிபி, நடுத்தர ரகம், கொஞ்சம் பழசு. திருப்பிக் கொடுக்க இன்னும் பத்து நாள் இருக்கு. இதுக்காக ரொம்ப நாள் சேர்த்து வெச்ச காசு. என்ன பண்றதுன்னு சொல்லுங்க.

#2 தடம்பதி

அவசரப்படாதீங்க நண்பரே. நீங்க சொன்னதுல எதுவும் மானிட்டர் கோளாறு மாதிரி தெரியல.

முதல்ல கணக்கு. 1080பி என்றால் 20,73,600 பிக்சல். 4கே என்றால் 82,94,400. சரியாக நான்கு மடங்கு. ஒவ்வொரு பிக்சலுக்கும் நிழல், வெளிச்சம், பிரதிபலிப்பு என்று கார்டு தனித்தனியாகக் கணக்குப் போடுது. அதனால 90-லிருந்து 30-க்கு இறங்கினது எதிர்பார்க்க வேண்டியதுதான். சொல்லப்போனால் உங்க கார்டு நல்லாவே தாக்குப் பிடிச்சிருக்கு.

1080பி ஏன் பழைய மானிட்டரை விட மோசமாகத் தெரியுது? 24 அங்குலத்தில் 1080பி என்றால் அங்குலத்துக்கு 92 பிக்சல். அதே 1080பி படத்தை 27 அங்குலத்தில் விரித்தால் 82 தான். அதோட, கார்டோ மானிட்டரோ அந்தப் படத்தைப் பெரிசாக்கும்போது பக்கத்துப் பக்கத்து நிறங்களைக் கலந்து பூசிவிடுது. நீங்க சொல்ற பனி அதுதான்.

இதுக்கு வழி, ரெசொல்யூஷனை 4கே-யிலேயே விட்டுவிட்டு டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர், எக்ஸ்இஎஸ்எஸ் என்ற அப்ஸ்கேலிங் வசதிகளில் (சின்னதாக வரைஞ்ச படத்தை மென்பொருள் பெரிசாக்குவது) உங்க கார்டுக்கும் கேமுக்கும் எது இருக்கோ அதைப் போடுவது. டிஎல்எஸ்எஸ், எஃப்எஸ்ஆர் இரண்டிலும் 'குவாலிட்டி' வெச்சா கேம் உள்ளே 2560×1440-இல் வரையும். 'பெர்ஃபார்மன்ஸ்' வெச்சா 1920×1080-இல் வரையும். திரைக்கு 4கே-யாகத்தான் வரும். முதல்ல 'பெர்ஃபார்மன்ஸ்' போட்டுப் பாருங்க.

#3 செம்பருத்தி

நான் மாற்றுக் கருத்து சொல்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட்டு 27 அங்குல 1440பி வாங்குங்கள். பிக்சல் எண்ணிக்கை 36,86,400. 4கே-யில் பாதிகூட இல்லை. உங்கள் கார்டுக்கு அதுதான் பொருத்தம். எந்த ஒட்டுவேலையும் இல்லாமல் நேட்டிவில், அதாவது மானிட்டரின் சொந்த ரெசொல்யூஷனிலேயே விளையாடலாம்.

4கே மானிட்டர் வாங்கி உள்ளே 1080பி-யில் வரைவதற்கு எதற்கு 4கே? இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது. 2019 தொடக்கத்தில் டிஎல்எஸ்எஸ்-இன் முதல் பதிப்பை நான் பயன்படுத்தியிருக்கிறேன். முகங்கள் மெழுகு பூசியதுபோல இருந்தன. அன்றே அதை அணைத்தவன், அதற்குப் பிறகு தொடவில்லை.

#4 தடம்பதி

> செம்பருத்தி எழுதியது: இல்லாத விவரத்தை மென்பொருள் ஊகித்து நிரப்புகிறது

2019-இல் நீங்க பார்த்ததை நானும் பார்த்தேன். அது மோசம்தான், மறுக்கவே மாட்டேன். ஆனா 2020 மார்ச்சில் வந்த இரண்டாம் பதிப்பு வேலை செய்யும் விதமே வேறு. அதைத் தெரிஞ்சுக்கிட்டா 'ஊகம்' என்ற சொல் முழுசாகப் பொருந்தாதுன்னு நீங்களே சொல்வீங்க.

ஒவ்வொரு ஃபிரேமிலும் கேம் தன் கேமராவை ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவு அசைக்குது. இந்த ஃபிரேமில் ஒரு கம்பியின் இடது ஓரத்தைத் தொட்ட மாதிரி, அடுத்த ஃபிரேமில் அதே கம்பியின் நடுவைத் தொடும். பல ஃபிரேம்களில் இப்படிச் சேர்ந்த மாதிரிகளை, எந்தப் பொருள் எங்கே நகர்ந்தது என்ற திசைத் தகவலை வெச்சு ஒன்றாக அடுக்குறாங்க. அசையாத காட்சியில் அந்த விவரம் கேம் உண்மையாகவே வரைஞ்ச விவரம். ஒரே ஃபிரேமில் வரையல, அவ்வளவுதான்.

எங்கே தோற்கும்? பழைய ஃபிரேம்களில் இல்லாத ஒன்று திடீரென வெளிப்படும்போது. ஓடும் ஆளின் முதுகுக்குப் பின்னாலிருந்து வெளிவரும் சுவர், பறக்கும் தீப்பொறி, மழைத்துளி. அங்கே சேர்த்து வெச்ச வரலாறு கிடையாது. 'பெர்ஃபார்மன்ஸ்' வெச்சா அதைக் கவனிச்சுப் பார்க்கிறவருக்குத் தெரியும். 2025-இல் வந்த டிஎல்எஸ்எஸ் 4, எஃப்எஸ்ஆர் 4 இரண்டிலும் இது நல்லாவே குறைஞ்சிருக்கு.

இன்னொரு முக்கியமான விஷயம். கேமில் வரும் எழுத்து, வரைபடம், உயிர்ப்பட்டை இதெல்லாம் பெரும்பாலும் முழு 4கே-யில் தனியாக வரையப்படும். வெறும் 1080பி ரெசொல்யூஷன் வெச்சா அதுவும் சேர்ந்து மங்கும். ஊசிமுனைக்கு அந்த வித்தியாசம் முதல் பார்வையிலேயே தெரியும்.

#5 மெதுநடை

தம்பி ஊசிமுனை, நீ என்ன மாதிரி கேம் விளையாடுறன்னு சொல்லவே இல்லையே? எல்லாம் அதைப் பொறுத்துதான் இருக்கு.

நான் 27 அங்குல 5கே-யில் விளையாடுறேன், வெறும் 60 ஹெர்ட்ஸ். 5120×2880, ஒரு கோடியே 47 லட்சம் பிக்சல். விமான சிமுலேட்டர், நகரம் கட்டுற கேம், ரயில் பாதை போடுற கேம், இவைதான் என் உலகம். 40 எஃப்பிஎஸ் வந்தாலே எனக்குப் போதும். விமானி இருக்கையில் உட்கார்ந்தால் உயரமானியின் எண்களைக் கேமராவை முன்னால் நகர்த்தாமலே படிக்க முடியுது. 1080பி-யில் ஒவ்வொரு தடவையும் ஜூம் பண்ணுவேன். ஜூம் பண்ணும் நேரத்தில் ஓடுபாதை பார்வையை விட்டுப் போயிடும். எனக்கு ரெசொல்யூஷன் அழகுக்காக இல்லை, விளையாட்டே அதை நம்பித்தான் இருக்கு.

இந்த மோகம் புதுசும் இல்லை. ஐபிஎம் 2001-லேயே டி220-ன்னு ஒரு மானிட்டர் கொண்டுவந்தது. 22.2 அங்குலம், 3840×2400, அங்குலத்துக்கு 204 பிக்சல். ரெஃப்ரெஷ் 41 ஹெர்ட்ஸ்தான். அதுக்குப் பிறகு பல வருஷம் யாரும் அந்த நெருக்கத்தின் பக்கமே வரல. 5கே 2014-இல்தான் வந்தது. அப்போது டெல் வெளியிட்ட 5கே மானிட்டருக்கு முழு ரெசொல்யூஷனில் 60 ஹெர்ட்ஸ் வேணும்னா இரண்டு டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் சொருகணும்.

#6 ஊசிமுனை

அக்கா, நான் பெரும்பாலும் ஓப்பன் வேர்ல்டு கதை கேம்தான். மலை, காடு, குதிரை, அந்த மாதிரி. ஆன்லைன் ஷூட்டர் வாரத்துல ஒரு நாள் நண்பர்களோட.

#7 விழியோரம்

கண்ணின் பக்கத்திலிருந்து சிலவற்றைச் சொல்கிறேன். இந்த இழையில் இரு தரப்பும் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் ஒரு விஷயத்தை யாரும் தொடவில்லை.

நல்ல பார்வை உள்ள கண், ஒரு பாகையை 60 பங்காகப் பிரித்தால் கிடைக்கும் ஒரு பங்கு வரை பிரித்தறியும் என்பது வழக்கமான அளவுகோல். அதன்படி 27 அங்குல 4கே-யில் பக்கத்துப் பக்கத்துப் பிக்சல்கள் சுமார் 53 செ.மீ தூரத்தில் ஒன்றாகிவிடும். 27 அங்குல 1440பி-க்கு 80 செ.மீ. உங்கள் பழைய 24 அங்குல 1080பி-க்கு 95 செ.மீ. மேசையில் நாம் 60 முதல் 70 செ.மீ தள்ளி உட்காருகிறோம். ஆக 4கே அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது, 1440பி தாண்டவில்லை. 'வித்தியாசமே தெரியாது' என்பவர்களோடு நான் உடன்படாததற்குக் காரணம் இதுதான்.

இதற்கும் மேலே ஒன்று. இரு கோடுகள் சற்றே விலகி நிற்பதை, அதாவது படிக்கட்டு போன்ற ஓரத்தை, கண் அந்த அளவுகோலைவிடப் பல மடங்கு நுட்பமாகக் கண்டுபிடிக்கும். மின்கம்பி, கம்பி வேலி, தூரத்துக் கூரை விளிம்பு ஆகியவை 4கே-யிலும் மினுமினுப்பது அதனால்தான். 4கே-யில் அந்தப் படிக்கட்டு ஓரத்தைச் சீராக்கும் ஆன்டி-அலையாசிங் தேவையில்லை என்று பலர் எழுதுகிறார்கள். தேவை.

ஆனால் இதெல்லாம் படம் அசையாதபோது. இனி அசையும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள்.

கேமராவைத் திருப்புகிறீர்கள். ஒரு மரம் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இரண்டு நொடியில் போகிறது. 4கே-யில் அது நொடிக்கு 1920 பிக்சல். 60 ஹெர்ட்ஸில் ஒவ்வொரு ஃபிரேமும் 16.7 மில்லிசெகண்ட் அசையாமல் நிற்கிறது; கண்ணோ மரத்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. விளைவாக விழித்திரையில் 32 பிக்சல் அகலத்துக்குப் பூச்சு விழும். 27 அங்குலத் திரையில் அது 5 மி.மீ. அதே அளவுள்ள 1080பி திரையில் இதே அசைவு எவ்வளவு பூசும்? 16 பிக்சல். அதுவும் அதே 5 மி.மீ. ஆக 60 எஃப்பிஎஸ்-இல் கேமரா திரும்பும் அந்த இரண்டு நொடிகளில் உங்கள் 4கே-க்கும் 1080பி-க்கும் பெரிய வேறுபாடு இல்லை. 120 ஆனால் பூச்சு 16 பிக்சல், 240 ஆனால் 8. இது திரையின் பிக்சல் நிறம் மாற எடுக்கும் நேரம் சார்ந்ததல்ல; அந்த நேரம் சுழியம் என்றாலும் இந்தப் பூச்சு இருக்கும்.

எனவே ரெசொல்யூஷன் கூடக் கூட எஃப்பிஎஸ்ஸும் கூட வேண்டும், இல்லையேல் நிற்கும்போது மட்டும்தான் அந்தப் பிக்சல்களுக்குப் பயன். 4கே நேட்டிவில் 30 எஃப்பிஎஸ் என்பதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஊசிமுனை, ஒரு கேள்வி. 1080பி-யில் 90 எஃப்பிஎஸ் வந்தபோதும் 'இழுபடுது' என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் மானிட்டர் 144-இல்தான் ஓடுகிறதா? பார்த்தீர்களா?

#8 ஊசிமுனை

ஐயா, இப்பதான் விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸ்ல பார்த்தேன். 60 ஹெர்ட்ஸ்னு இருக்கு! லிஸ்ட்ல 144 வரவே இல்ல, அதிகபட்சமே 60-தான். பழைய மானிட்டரோட எச்டிஎம்ஐ கேபிளையே இதுலயும் சொருகியிருந்தேன். கார்டு பின்னாடி இருக்கிற எச்டிஎம்ஐ 2.0-ன்னு மேனுவல்ல போட்டிருக்கு. ஒரு வாரமா இப்படியேதான் விளையாடியிருக்கேன்.

#9 கம்பிவழி

இது நிறையப் பேருக்கு நடப்பதுதான் தம்பி, விட்டுத் தள்ளுங்க. கணக்கைச் சொல்றேன், அப்புறம் மறக்காது.

4கே, 60 ஹெர்ட்ஸ், 8-பிட் நிறம் என்றால் நொடிக்கு ஏறக்குறைய 12.5 ஜிகாபிட் போகணும். எச்டிஎம்ஐ 2.0 உண்மையில் சுமக்கக்கூடியது 14.4. ஆக 60-க்குச் சரி, முழு நிறத் தகவலோட 120-க்கு வழியே இல்லை. டிஸ்ப்ளேபோர்ட் 1.4 சுமப்பது 25.92. அதில் 4கே 120 ஹெர்ட்ஸ் 8-பிட் மயிரிழையில் நுழையும், 144 நுழையாது. அப்படியானால் 144 எப்படி? டிஎஸ்சி என்ற சுருக்கம். கார்டு படத்தைச் சுருக்கி அனுப்பும், மானிட்டர் விரிக்கும். கண்ணுக்குத் தெரியாத அளவில்தான் இழப்பு. 2018-இல் வந்த முதல் 4கே 144 ஹெர்ட்ஸ் கேமிங் மானிட்டர்களில் டிஎஸ்சி கிடையாது. 144 வேணும்னா நிறத் தகவலைப் பாதியாக்கி அனுப்பினாங்க. சிவப்பு எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது, டெஸ்க்டாப்புக்கு ஆகவே ஆகாது. இப்போது அந்தத் தொல்லை இல்லை.

நீங்க செய்ய வேண்டியது: மானிட்டர் பெட்டிக்குள் டிஸ்ப்ளேபோர்ட் கேபிள் இருக்கும், அதைச் சொருகுங்க. மானிட்டர் மெனுவில் டிஸ்ப்ளேபோர்ட் பதிப்பு 1.4 என்று இருக்கான்னு பாருங்க. சிலதில் 1.2 என்று குறைத்து வைத்திருப்பார்கள். பிறகு விண்டோஸில் 144-ஐ நீங்களே தேர்ந்தெடுக்கணும், தானாக மாறும்னு நம்பாதீங்க. கார்டின் வேகத்துக்கு ஏற்ப மானிட்டரும் மாறும் அடாப்டிவ் சிங்க்கையும் ஆன் பண்ணிடுங்க, அப்பதான் 70-க்கும் 90-க்கும் நடுவில் ஊசலாடும் எஃப்பிஎஸ் கண்ணை உறுத்தாது. நடுநடுவே திரை ஒரு நொடி கறுத்துக் கறுத்து வந்தால் முதல் சந்தேகம் கேபிள் மேல. நீளமான கேபிளாக இருந்தால் குட்டையாக மாத்துங்க.

#10 ஊசிமுனை

இரண்டு நாள் சோதிச்சுப் பார்த்துட்டேன். எழுதாம இருக்க முடியல.

கேபிள் மாத்தினதும் 144 வந்துடுச்சு. டெஸ்க்டாப்ல மவுஸ் நகர்றதே வேற மாதிரி. கேம்ல 4கே, அப்ஸ்கேலிங் 'பெர்ஃபார்மன்ஸ்', நிழல் மட்டும் 'மீடியம்'. 70-லிருந்து 78 எஃப்பிஎஸ். 1080பி-ல வந்த 90 வரல.

ஆனா ஒரு புதுத் தொந்தரவு. பத்து நிமிஷம் நல்லா ஓடுது, ஊருக்குள்ள குதிரையை ஓட்டிட்டுப் போனா டக்குனு அரை நொடி நிக்குது. சராசரி எஃப்பிஎஸ் குறையவே இல்ல.

#11 தடம்பதி

90 வராதது சரிதான். 1080பி-யில் வரைஞ்சதை 4கே-யாக அடுக்கவும் ஒவ்வொரு ஃபிரேமிலும் கொஞ்சம் நேரம் செலவாகும்.

டக்குன்னு நிற்பது கார்டு நினைவகம் நிரம்புவதால். டெக்ஸ்சரை (பொருள்களின் மேல் ஒட்டும் படங்கள்) 'அல்ட்ரா'-விலிருந்து 'ஹை'-க்கு இறக்குங்க. 4கே ஃபிரேம் ஒன்று 33 எம்பி-தான் பிடிக்கும், உள்ளே பல அடுக்குகள் வெச்சாலும் சில நூறு எம்பி, கனமான கேமில் ஒரு ஜிபி பக்கம். மீதியில் பெரும்பகுதி டெக்ஸ்சர். 8 ஜிபி தாண்டினால் கணினியின் பொது நினைவகத்திலிருந்து இழுக்கணும், அந்த வழி ரொம்பக் குறுகல். 27 அங்குலத்தில் 'ஹை'-க்கும் 'அல்ட்ரா'-வுக்கும் சுவர் ஓரமாகப் போய் நின்று பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும்.

இந்த இழையைப் படிச்சுட்டு 4கே வாங்கலாமான்னு யோசிக்கிறவங்களுக்கு: வாங்குவதற்கு முன்னாடியே உங்க கார்டு தாங்குமான்னு பார்த்துடலாம். என்விடியாவில் டிஎஸ்ஆர், ஏஎம்டி-யில் விஎஸ்ஆர் என்ற வசதி இருக்கு. அதை ஆன் பண்ணினால் இப்போ இருக்கும் 1080பி மானிட்டரிலேயே கேமை 4கே-யில் வரைய வைக்கலாம். தெளிவு தெரியாது, எஃப்பிஎஸ் துல்லியமாகத் தெரியும்.

#12 பழங்கணினி

எறும்பு எழுத்துப் பிரச்சினைக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

அந்தக் காலக் கேம்கள் பொத்தானையும் எழுத்தையும் பிக்சல் கணக்கில் வரைந்தவை. 16 பிக்சல் உயர எழுத்து 24 அங்குல 1080பி-யில் 4.4 மி.மீ, 27 அங்குல 4கே-யில் 2.5 மி.மீ. கேமில் யுஐ ஸ்கேல் (எழுத்து, பொத்தான்களின் அளவை மாற்றும் வசதி) இருந்தால் அதைக் கூட்டுங்கள். இல்லையென்றால் 1080பி-யில் ஓட்டி, கார்டின் கன்ட்ரோல் பேனலில் 'இன்டிஜர் ஸ்கேலிங்' போடுங்கள். ஒவ்வொரு பிக்சலும் நான்கு பிக்சலாகும், கலப்படம் இருக்காது. 4கே-க்கு 1080பி-யும் 720பி-யும் சரியாகப் பொருந்தும். 1440பி பொருந்தாது, அது ஒன்றரை மடங்கு. 5கே-யில் 1440பி அழகாக இரட்டிக்கும், அதனால்தான் மெதுநடை அம்மாவின் மானிட்டர் மேல் எனக்கு ஒரு கண்.

320×200-இல் வரைந்த பழைய கேம்கள் என் உயிர். அவற்றின் பிக்சல் சதுரமல்ல, நெட்டையானது. அகலத்தை 5 மடங்கும் உயரத்தை 6 மடங்கும் பெருக்கினால்தான் அன்றைய திரையில் தெரிந்த 4:3 வடிவம் அப்படியே வரும்: 1600×1200. அதை இரட்டித்தால் 3200×2400. 4கே-யின் உயரம் 2160, கொள்ளாது. 5கே-யின் உயரம் 2880, ஓரம் விட்டு உட்காரும். உயர் ரெசொல்யூஷன் புதுக் கேம்களுக்குத்தான் என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும். 64,000 பிக்சலில் அந்த ஓவியர்கள் செய்ததை எந்தப் பூச்சும் இல்லாமல், ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பது தனி இன்பம்.

#13 புதுவரவு

அப்போ 8கே பற்றி என்ன நினைக்கிறீங்க?

#14 விழியோரம்

3,31,77,600 பிக்சல். 32 அங்குலத்தில் அதை முழுவதும் பிரித்தறிய 32 செ.மீ தூரத்துக்கு வர வேண்டும். இப்போதைக்கு மேசைக்கு வேண்டாம்.

#15 செம்பருத்தி

தடம்பதி சொன்னதைக் கேட்டு ஐந்தாறு வருடங்களுக்குப் பிறகு அப்ஸ்கேலிங்கை மறுபடியும் முயன்று பார்த்தேன், என் 1440பி-யில் 'குவாலிட்டி'யில். மெழுகு முகம் இல்லை. நான் பழைய அனுபவத்தை வைத்துப் பேசியிருக்கிறேன், அதை ஒப்புக்கொள்கிறேன். 1440பி-யில் உள்ளே வரைவதற்குக் குறைவான பிக்சலே மிஞ்சுவதால் இலைகளில் சற்று நடுக்கம் தெரிகிறது. 4கே-யில் அது இதைவிடக் குறைவாக இருக்கும் என்று நம்புகிறேன்.

ஆனாலும் ஷூட்டர் விஷயத்தில் என் கருத்து மாறவில்லை. நான் தினமும் போட்டி ஆட்டம் ஆடுகிறவன். எதிராளி மூலையிலிருந்து வெளிவரும் அந்த நொடியில் எனக்கு 240 எஃப்பிஎஸ் வேண்டும். சேர்த்து வைத்த வரலாறு இல்லாத இடம் அதுதான். 4கே, 1080பி இரண்டுக்கும் மாறக்கூடிய இரட்டை மோட் மானிட்டர்கள் இப்போது வருகின்றன, 4கே-யில் 240, 1080பி-யில் 480 ஹெர்ட்ஸ். நான் அடுத்து வாங்கினால் அதைத்தான் வாங்குவேன். வாரம் ஒரு நாள் ஆடும் ஊசிமுனைக்கு இப்போது இருப்பதே போதும். ஷூட்டரில் மட்டும் எல்லா செட்டிங்கையும் 'லோ'-வில் வைத்து ஆடுங்கள் தம்பி.

#16 ஊசிமுனை

டெக்ஸ்சரை 'ஹை'-க்கு இறக்கினேன், டக்குனு நிக்கிறது நின்னுடுச்சு. பழைய ஸ்ட்ரேட்டஜி கேமுக்கு இன்டிஜர் ஸ்கேலிங் போட்டேன், எழுத்து படிக்க முடியுது. எந்த அப்ஸ்கேலிங்கும் இல்லாத கேம் ஒண்ணு இருக்கு, அதுல 'ரெண்டர் ஸ்கேல்' (காட்சியை உள்ளே வரையற அளவு) 67% வெச்சு ஓட்டறேன். கொஞ்சம் கூர்மை குறைஞ்ச படம்தான், ஆனா எழுத்து கூர்மையா இருக்கு. அதுவும் சரியாத்தான் போகுது.

நேத்து ராத்திரி நடந்ததைச் சொல்லியே ஆகணும். கேம்ல ஒரு பள்ளத்தாக்கு இருக்கு, அதுக்கு நடுவுல தொங்குபாலம். பழைய மானிட்டர்ல எத்தனையோ தடவை அந்த மேட்டுல நின்னு பார்த்திருக்கேன். பாலம் எப்பவும் ஒரு மினுமினுக்கிற சாம்பல் கோடாத்தான் தெரியும், நடக்கும்போது அது துடிக்கும். நேத்து அதே இடத்துல குதிரையை நிறுத்தினேன். கயிறு தனித்தனியா தெரியுது. நடுவுல ரெண்டு பலகை இல்ல. இத்தனை நாளா எனக்குத் தெரியவே தெரியாது, அந்தப் பாலத்துல பலகை உடைஞ்சிருக்குன்னு. பக்கத்துல போனா அதுக்குக் கீழ ஒரு குகை வாசல்.

மானிட்டர் பெட்டியை மடிச்சு எடுத்து வெச்சாச்சு.